செத்துப்போன வைட் ரேஞ்ச் பிக்கப்: திரும்பக் கட்டுவதா, பழையதைத் தேடுவதா, புதிது வாங்குவதா?

"அண்ணா, நெக் பிக்கப் செத்துப்போச்சு. வேற ஹம்பக்கர் ஒண்ணு போட்டுடலாமா?"

கிட்டாரோடு வந்து நின்ற தம்பிக்கு வயது இருபத்திரண்டு. பையைத் திறந்தால் உள்ளே ஃபெண்டர் நிறுவனத்தின் 1970-களின் டெலிகாஸ்டர் கஸ்டம். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய பெரியப்பா எந்தத் துறைமுகத்திலோ வாங்கிவந்தது. இவன் ஞாயிறுதோறும் சர்ச்சில் அதை வாசிக்கிறான். அதன் மதிப்பு அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எனக்குத் தெரியும் என்பதால், "கொஞ்சம் பொறு, அவசரப்பட்டு எதையும் மாத்தாதே" என்றேன். அப்படிச் சொன்னவன் பிறகு விளக்கமும் சொல்லியாக வேண்டுமே. அந்த விளக்கம்தான் இது.

முதலில் அந்தப் பிக்கப்பைப் பற்றிக் கொஞ்சம். காந்தமும் கம்பிச் சுருளும் (காயில்) கொண்டு தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப். கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், தந்தியின் அடிப்பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். இரைச்சலை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்பை, அதாவது ஹம்பக்கரை, கிப்சன் நிறுவனத்துக்காக 1955-இல் வடிவமைத்தவர் செத் லவர். 1967-இல் அவர் ஃபெண்டருக்கு மாறினார். அங்கே அவர் செய்த ஹம்பக்கரின் பெயர் வைட் ரேஞ்ச். 1971-72 வாக்கில் டெலிகாஸ்டர் தின்லைனில் வந்தது. அடுத்து கஸ்டம், டீலக்ஸ், 1976-இல் ஸ்டார்காஸ்டர். எண்பதுகளின் தொடக்கத்துக்குள் அந்த கிட்டார்களோடு பிக்கப்பும் போய்ச் சேர்ந்தது.

கிப்சன் ஹம்பக்கரில் காயிலுக்கு அடியில் ஒரு பட்டைக் காந்தம் இருக்கும். மேலே தெரியும் திருகுகள் வெறும் இரும்பு. காந்தத்தின் வேலையை மேலே கொண்டுபோவதுதான் அவற்றின் வேலை. ஃபெண்டரின் பளிச்சென்ற ஒலிக்கு, ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நிற்கும் குச்சியே காந்தமாக இருக்க வேண்டும். அதே சமயம் அதைத் திருகி உயரம் மாற்றவும் முடிய வேண்டும். வழக்கமான ஆல்நிகோ காந்தத்தில் மரை போட முடியாது, கண்ணாடி மாதிரி உடைந்து கொட்டும். லவர் அதனால் குனிஃபே என்ற கலவைக்குப் போனார். செம்பு 60 பங்கு, நிக்கல் 20, இரும்பு 20. மூன்றின் வேதிக் குறியீடுகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. கம்பியாக இழுக்கலாம், கடைசலில் பிடிக்கலாம், மரை போடலாம். வண்டிகளின் வேகமானி போன்ற மீட்டர்களுக்குப் பயன்பட்ட பொருள். அந்தத் தேவை வற்றியதும் தயாரிப்பு அருகிப்போனது, பிக்கப்புக்கும் காந்தம் கிடைக்கவில்லை. பழைய வைட் ரேஞ்ச் பாகங்கள் கிடைக்காமல் போன கதையின் முடிச்சு இதுதான். தகரக் கவரையும் கம்பி சுற்றும் பிளாஸ்டிக் சட்டமான பாபினையும் செம்புக் கம்பியையும் யாரும் செய்துவிடலாம். பன்னிரண்டு மரைக் காந்தங்கள்தான் தகராறு.

சரி, தம்பியின் கிட்டாருக்கு வருவோம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, நெக் பிக்கப்பைத் தேர்ந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தேன். நல்ல வைட் ரேஞ்ச் என்றால் பத்தரை கிலோ ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டியது 960 கிலோ ஓம். பிக்கப் வழியாக மின்சாரம் போகவே இல்லை, மீட்டர் பார்ப்பது வால்யூம் கண்ட்ரோலை, அதாவது குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடையை மட்டும். கெட்ட செய்திக்குள் நல்ல செய்தி ஒன்றும் இருந்தது. ஃபெண்டர் இந்தப் பிக்கப்போடு போட்டது 1 மெகா ஓம் கண்ட்ரோல்கள். 960 என்றால் அவை இன்னும் மாற்றப்படவில்லை. கண்ட்ரோலின் பின்பக்கம் 137 என்று தொடங்கும் எண்ணும் இருந்தது. 137 என்பது அதைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி. அதற்கு அடுத்த இலக்கங்கள் ஆண்டும் வாரமும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "வைட் ரேஞ்ச் மங்கலாக ஒலிக்கிறது, மாற்ற வேண்டும்" என்று வரும் கிட்டார்களில் பிக்கப் நன்றாகவே இருக்கும். யாரோ பழுதுபார்த்தபோது 1 மெகாவை எடுத்துவிட்டு, கையில் இருந்த 250 கிலோவைப் போட்டிருப்பார்கள். மேல்ஸ்தாயி அங்கேயே வடிந்துவிடும். பிக்கப் தேட ஆரம்பிக்கும் முன் அதைப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

இவனுடையது அப்படி இல்லை. பிக்கப்பைக் கழற்றி, கவர் அடித்தகட்டோடு ஒட்டியிருந்த இரண்டு ஈயப் புள்ளிகளையும் பெரிய சால்டரிங் அயர்னால் இளக்கித் திறந்தேன். ஒரு காயில் 5.4 கிலோ ஓம், நலம். இன்னொன்று திறந்த சுற்று, அதாவது உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. காயிலின் உள்முனை வெளியே வரும் இடத்தில் பச்சைப் பாசி மாதிரி செம்புக் களிம்பு. கடற்காற்றும் கை வியர்வையும் ஐம்பது வருஷமாகச் செய்த வேலை. வெளிமுனை அறுந்திருந்தால் ஒரு சுற்றைப் பிரித்துத் திரும்பச் சால்டர் வைத்துப் பத்து நிமிஷத்தில் முடித்திருப்பேன். உள்முனை என்றால் அத்தனை சுற்றும் வெளியே வந்தாக வேண்டும்.

இங்கே வழிகள் பிரிகின்றன. எனக்கு யோசிக்கத் தோன்றிய வரிசையிலேயே சொல்கிறேன்.

தம்பி கேட்ட வழி முதலில்: சாதாரண ஹம்பக்கர். வைட் ரேஞ்சின் கவர் சாதாரண ஹம்பக்கரைவிடப் பெரியது. பிக்கார்டில், அதாவது கிட்டாரின் முகப்பில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் உள்ள ஓட்டையில் சாதாரணத்தை வைத்தால் சுற்றிலும் இடைவெளி பல்லைக் காட்டும். ஆனால் சிறியது பெரிய குழிக்குள் போவதால் மரத்தைத் தொட வேண்டியதே இல்லை. சாதாரண அளவில் ஓட்டை வெட்டிய பிக்கார்டு ஒன்றை வாங்கி மாட்டி, பழையதைப் பத்திரமாக எடுத்துவைத்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். கையில் காசில்லை, அடுத்த ஞாயிறு வாசித்தாக வேண்டும் என்றால் இதில் தப்பே இல்லை. ஆனால் ஒலி வேறாகிவிடும். டெலிகாஸ்டர் கஸ்டத்தின் நெக் பிக்கப் தடித்த நாதத்துக்குள்ளும் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகக் காட்டும். அது போய்விடும்.

இரண்டாவது, வைட் ரேஞ்ச் தோற்றத்தில் வரும் மறுபதிப்பு. 1990-களின் இறுதியிலிருந்து ஃபெண்டரின் '72 வகை மறுபதிப்பு கிட்டார்களில் வந்தது இது. கவர் பழைய அளவு, திருகு வரிசையும் பழைய மாதிரி: ஒரு காயிலில் மூன்று, இன்னொன்றில் மூன்று. உள்ளே இருப்பது சாதாரண அளவு காயில், இரும்புத் திருகு, அடியில் பட்டைக் காந்தம். மிச்ச இடத்தை மெழுகால் நிரப்பியிருப்பார்கள். பெரிய டப்பாவில் சின்ன மிட்டாய். பழைய ஓட்டையில் அப்படியே உட்காரும், விலை குறைவு, பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும். இதை மட்டமென்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு நல்ல ஹம்பக்கர், அவ்வளவுதான். இரும்பு மையங்கள் காயிலின் தூண்டத்தைக் கூட்டும், மேல்ஸ்தாயி சீக்கிரம் சரியும். குனிஃபேயில் அந்தச் சரிவு தள்ளித் தொடங்குகிறது. வித்தியாசத்தைக் கேட்கச் சுத்தமான ஆம்ப் வேண்டும். டிஸ்டார்ஷனை முழுக்க ஏற்றி வாசிப்பவருக்கு இந்தப் பேச்சே வீண்.

இந்த மறுபதிப்பால்தான் மூன்றாவது வழியான பழைய அசலைத் தேடி வாங்குவது கண்ணிவெடியாக இருக்கிறது. நானே மிதித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் இணையத்தில் ஒருவர் "1973 அசல்" என்று விற்ற ஒன்றை, வெளிநாட்டிலிருந்து கூரியர் செலவும் சுங்கமும் கட்டி வரவழைத்தேன். மீட்டர் 10.3 காட்டியது. கவரில் ஃபெண்டர் என்ற எழுத்து. கீறல், துரு எல்லாம் வயதுக்கேற்ற மாதிரி. ஒலிதான் எங்கேயோ இடித்தது. ஒரு வாரம் என் காதைச் சந்தேகப்பட்டேன். பிறகு கவரைத் திறந்தால் கட்டிக்கட்டியாக மெழுகு, நடுவே சாதாரணக் காயில். விற்றவரிடம் கேட்டதற்கு, "திறந்துவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க முடியாது" என்று பதில் வந்தது.

அந்தப் பணத்துக்குக் கற்றுக்கொண்டது இது. ஓம் கணக்கு எதையும் நிரூபிக்காது, இரண்டு வகையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். கவரின் எழுத்தும் நிரூபிக்காது. காந்தப்புலத்தைக் காட்டும் பச்சைப் படலம் ஒன்று விற்கிறது. அதைப் பிக்கப்பின் அடியில் வைத்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அசல் என்றால் தனித்தனிப் புள்ளிகள் தெரியும், மறுபதிப்பு என்றால் நீளமாக ஒரு பட்டை. படலம் இல்லை என்றால், ஒரே ஒரு திருகைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தனியாக எடுத்த பிறகும் அது இன்னொரு இரும்பைப் பிடித்து இழுத்தால் காந்தம். பிக்கப்பில் இருந்தபோது ஏறிய மிச்சக் காந்தத்தில் லேசாக ஒட்டி உடனே விழுந்தால் வெறும் இரும்பு. இரண்டுக்கும் மறுப்பவரிடம் வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும்.

நேர்மையான அசலே கிடைத்தாலும் யாருக்கு அது தேவை? கிட்டாரை முழுப் பழைய நிலையில் விற்க நினைப்பவருக்கும், அதன் சொந்தப் பிக்கப் தொலைந்தேபோனவருக்கும்தான். பெரும்பாலும் புதியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள். கையில் வருவதும் அதே ஐம்பது வயதுக் காயில். இன்றைக்கு 10.6 காட்டுகிறது, அடுத்த மழைக்காலத்தில் அதன் உள்முனையும் பச்சை பிடிக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

நான்காவது வழி 2020 வரை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அந்த ஆண்டு ஃபெண்டர் குனிஃபே காந்தங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022-இல் வந்த அமெரிக்கன் விண்டேஜ் 2 வரிசையின் 1972 தின்லைன், 1975 டீலக்ஸ், 1977 கஸ்டம் மூன்றிலும் அவைதான். பிக்கப் தனியாகவும் விற்பனைக்கு வந்தது. பாகம் கிடைக்காது என்ற நாற்பது வருஷப் புலம்பல் இதோடு பாதி அடங்கிவிட்டது. அதற்கு முன்பிருந்தே அமெரிக்காவின் கர்டிஸ் நோவாக் போன்ற கைவினைஞர்கள் குனிஃபே வைத்து வைட் ரேஞ்ச் செய்துவந்தார்கள். வேறு சிலர் இரும்பு, குரோமியம், கோபால்ட் கலந்த காந்தத்தில் மரை போட்டுச் செய்கிறார்கள். அதையும் கடைசலில் பிடிக்கலாம் என்பதால். கைவினைஞரிடம் போனால் சுற்று எண்ணிக்கையை உங்கள் விருப்பத்துக்குக் கேட்கலாம், காத்திருக்கவும் வேண்டும். ஃபெண்டரின் புதியது கடையில் எடுக்கும் பெட்டி, அன்றே மாட்டலாம். காந்தம் தொலைந்துபோன பிக்கப், அல்லது யாரோ திருகைத் திருகி உடைத்துவைத்த பிக்கப் என்றால் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன். புதிய குனிஃபே.

தம்பியின் பிக்கப்பில் பன்னிரண்டு காந்தமும் முழுசாக இருந்தன. அறுந்தது ஒரே ஒரு காயில். அதனால் ஐந்தாவது வழியின் பக்கம் என் தராசு சாய்ந்தது: திரும்பக் கட்டுவது. எது கிடைக்காதோ அது பத்திரமாக இருக்கிறது, எது தாராளமாகக் கிடைக்கிறதோ அது அறுந்திருக்கிறது. இந்த நிலையில் அசலை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறொன்று வாங்குவது, டயர் பஞ்சரானதற்கு வண்டியை விற்பது போல.

ஆனால் கட்டுவதிலும் குழிகள் உண்டு, அதுவும் நம்ம ஊருக்கே உரிய குழிகள். பிக்கப் பற்றிய குறிப்புகள் எல்லாம் 42 கேஜ் கம்பி என்று சொல்லும். அது அமெரிக்கக் கேஜ். கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. நம் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பேசுவது எஸ்டபிள்யூஜி, அதாவது பிரிட்டிஷ் கேஜ். அங்கே போய் "42 கேஜ் குடுங்க" என்றால் 0.1 மில்லிமீட்டர் கம்பியைத்தான் எடுத்துத் தருவார்கள். அதைச் சுற்றினால் பாதி சுற்றுக்கு முன்பே பாபின் நிரம்பிவிடும். அந்தக் கணக்கில் நமக்கு வேண்டியது 46 கேஜ். முதல் தடவை நான் 42 வாங்கிவந்து, அரை மணி நேரம் சுற்றிய பிறகுதான் விழித்தேன். கம்பியை எடை போட்டுத் தருவார்கள், ஒரு பிக்கப்புக்கு அவர்கள் குறைந்தபட்சமாகத் தரும் அளவே தாராளம். எனக்கு ஒரு சுருளைக் கொடுத்த பெரியவர், "இதுல என்ன மோட்டார் சார் கட்டப்போறீங்க? கொசு பேட்டரியில ஓடுறதா?" என்று கேட்டார்.

ஒரு வைட் ரேஞ்சின் இரண்டு காயிலிலும் சேர்த்து இந்தக் கம்பி கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் போகும். கை விரலிடுக்கில் இழுவை கொஞ்சம் கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் தளர்ந்து பாபினுக்கு வெளியே பிதுங்கும். சுற்றுகளை எண்ணும் மீட்டர் இல்லாமல் உட்காராதீர்கள். காந்தங்களைக் கழற்றுவதாக இருந்தால், அதற்கு முன் போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எது மேல் பக்கம் என்று மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஒரு காயிலின் ஆறும் ஒரே துருவத்தை மேல்நோக்கிக் காட்ட வேண்டும், அடுத்த காயிலின் ஆறும் எதிர்த்துருவத்தை. பாதிக் காந்தங்களின் தலை கவருக்கு மேலே தெரியாது என்பதால், ஒன்று தலைகீழாகப் போனாலும் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தந்தி மட்டும் காரணமில்லாமல் மெலிந்து கேட்கும். முடிந்தால் கழற்றவே வேண்டாம். நான் கழற்றவில்லை.

கையில் பழக்கம் இல்லாதவர்கள் பிக்கப் கட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் அனுப்பலாம். கூலியும் போக்குவரத்தும் சேர்ந்தாலும் அசல் வாங்கும் விலையில் சிறு பகுதிதான் ஆகும். அனுப்பும்போது இரண்டு விஷயங்களை எழுதியே அனுப்புங்கள்: நல்ல காயிலைத் தொடக் கூடாது, காந்தங்களுக்குப் புதிதாகச் சக்தி ஏற்றக் கூடாது. சில தொழில்காரர்களுக்கு எல்லாவற்றையும் புதுப்பித்தே தீர வேண்டும் என்ற வெறி உண்டு.

சில்லறைப் பாகங்களுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். கவர், ஸ்பிரிங், 1 மெகா கண்ட்ரோல் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. அமெரிக்க கிட்டாரின் திருகுகள் அங்குல மரை. ஹார்டுவேர் கடை மில்லிமீட்டர் திருகை அழுத்தி ஏற்றாதீர்கள்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரே கேள்விதான் கேட்டான்: "உங்க கிட்டாரா இருந்தா என்ன செய்வீங்க?" கட்டுவேன் என்றேன். "அப்போ கட்டுங்க."

முதல் முயற்சி நாலாயிரம் சுற்றைத் தாண்டி அறுந்தது. மின்விசிறிக் காற்றில் கம்பி ஆடியதுதான் காரணம். அடுத்த நாள் மின்விசிறியை அணைத்து, மே மாத வியர்வையில் பனியன் நனைய உட்கார்ந்து முடித்தேன். முடித்த சூட்டோடு மீட்டர் வைத்தால் இரண்டு காயிலும் சேர்ந்து 11.2 கிலோ ஓம். அதிகம் சுற்றிவிட்டேனா என்று ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் நினைவு வந்தது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் கூடும். குறிப்புகளில் போட்டிருக்கும் எண்கள் 20 டிகிரி அறைக்கானவை, என் அறை 36. கணக்குப் போட்டால் 10.5-தான் வருகிறது. சென்னையில் மே மாதம் பிக்கப்பை அளந்து "ஓவர்வௌண்ட்" (கூடுதலாகச் சுற்றியது) என்று விளம்பரம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மெழுகில் முக்கி, கவரைத் திரும்பச் சால்டர் வைத்து, கிட்டாரில் மாட்டினேன். சுத்தமான ஆம்பில் தம்பி ஒரு ஈ மைனரை மெதுவாகப் பிரித்து வாசித்தான். ஆறு தந்தியும் ஆறாகக் கேட்டது. மறுபடி ஒரு தடவை வாசித்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, பிரிட்ஜ் பிக்கப்பையும் ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா?" வேலை செய்கிறதா என்று கேட்டேன். நன்றாக வேலை செய்கிறது என்றான். திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.